ஏணி எந்தப் பக்கம்?

எங்கள் கடையில் அதிகம் அடிபடுவது செத்தவர்களின் படம்தான். கண்ணீர் அஞ்சலி, எட்டுச் செலவு அறிவித்தல், முப்பத்தொராம் நாள் கல்வெட்டு, முதலாம் ஆண்டு நினைவு. அடுத்தது பெண்பிள்ளை பெரியபிள்ளையானதைக் கொண்டாடுகிற சாமத்திய வீட்டுப் பனர். ரியூசன் விளம்பரமும் கோயில் நோட்டீசும் அதற்குப் பிறகு. தேர்தல் வந்தால் இந்த வரிசை கொஞ்ச நாளைக்குக் குழம்பும். முடிந்ததும் செத்தவர்கள் பழையபடி முன்னுக்கு வந்துவிடுவார்கள். கிளிநொச்சியில், கரடிப்போக்குச் சந்திக்குக் கிட்ட, ஏ9 ஓரத்து அச்சகம் ஒன்றில் பத்து வருடத்துக்கு மேலாக இதுதான் என் வேலை. டிசைனர் என்று நானாகச் சொல்லிக்கொள்வேன். வருகிற சனம் "படம் வைக்கிற தம்பி" என்கிறது.

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்று: எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்றால் கல்லில் வெட்டுவது இல்லை. முப்பத்தொராம் நாள் சடங்கான அந்தியேட்டிக்கு வந்தவர்களின் கையில் கொடுத்துவிடும் சின்னப் புத்தகம். முன்னுக்குச் செத்தவரின் படம், பிறகு திதி வெண்பா, தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, கடைசியில் நன்றி நவிலல். எத்தனையோ பேரின் வாழ்க்கைக் குறிப்பை நான் தட்டியிருக்கிறேன். பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், பார்த்த தொழில் எல்லாம் ஒரு பந்தியில் முடிந்துவிடும். பிறகு "இடப்பெயர்வின்போது" என்று ஒரு சொல் வரும். அதற்குள் பத்துப் பதினைந்து ஊர் கிடக்கும். வீட்டுக்காரர் விரித்து எழுதித் தரமாட்டார்கள். நானும் கேட்பதில்லை. ஊரைப் பற்றிப் போஸ்டர் செய்யும் எண்ணம் இந்தச் சொல்லில் இருந்துதான் பிறந்தது என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். உண்மையில் அது பிறந்தது பொறாமையில்.

யாழ்ப்பாணத்தில் ஒரு நண்பன், நூலகம், கோட்டை, மணிக்கூட்டுக் கோபுரம், நல்லூர் என்று நாலு போஸ்டர் செய்து முகநூலில் போட்டான். தட்டையான நிறங்கள், பெரிய வானம், கீழே ஊர்ப் பெயர். வெளிநாட்டில் இருப்பவர்கள் விழுந்து விழுந்து வாங்கினார்கள். அவனுக்கு வேலை சுகம். நூலகத்தின் நடு முகட்டை ஒரு வளைகோட்டில் போட்டாலே பார்த்தவுடன் தெரிந்துவிடும். 1981 இல் எரித்த பிறகும் அதே முகத்தோடு திருப்பிக் கட்டிய கட்டடம் அது. கிளிநொச்சிக்கு எந்த முகம்? நான் கடதாசியை வைத்துக்கொண்டு இரண்டு கிழமை சும்மா இருந்தேன்.

எங்கள் ஊர் ஒரு கட்டடத்தைச் சுற்றி வளர்ந்தது இல்லை, தண்ணீரைச் சுற்றி வளர்ந்தது. இரணைமடுக் குளம் இருந்தது, காடு இருந்தது. 1936 இல் யாழ்ப்பாணத்திலிருந்து காணி இல்லாதவர்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். உருத்திரபுரத்தில் இன்றைக்கும் எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்றுதான் இடம் சொல்வார்கள். பிறகு சண்டை. 1996 இல் இராணுவம் பிடித்தது, 1998 இல் புலிகள் திருப்பிப் பிடித்தார்கள், 2009 ஜனவரி 2 இல் மறுபடி இராணுவம். ஒவ்வொரு கைமாற்றத்திலும் முதலில் கூரை போகும், பிறகு சுவர் போகும். எனக்கு இப்போது முப்பத்தைந்து தாண்டிவிட்டது. இந்த நகரத்துக்குள் என்னைவிட வயது கூடின கட்டடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும். மரங்கள் இருக்கின்றன.

கடைசியில் எல்லோரும் போகிற இடத்துக்கே நானும் போனேன். தண்ணித் தாங்கி. 2009 இல் ஏ9 ஓரம் சரிந்து விழுந்து, பிறகு வருடக்கணக்கில் அப்படியே கிடந்ததே, அது. புலிகள் போகும்போது தகர்த்தது என்று பக்கத்தில் பலகை வந்தது, நினைவுப்பொருள் விற்கும் கடை வந்தது. தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்தவர்கள் அதற்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள். கொழும்பிலிருந்து வந்த நிறுவனம் ஒன்றும், பெயர் வேண்டாம், "மீண்டெழுதல்" என்ற தலைப்பில் என்னிடம் சுவரொட்டி கேட்டது. விழுந்த தாங்கிக்குப் பக்கத்தில் ஒரு பனங்கன்றை வைத்து அனுப்பினேன். நல்லாயிருக்கு, கன்றைக் கொஞ்சம் பச்சையாக்குங்கோ என்றார்கள். ஆக்கினேன். இன்னும் கொஞ்சம் என்றார்கள். மூன்றாம் தடவை அது பனையாகவே இல்லை, சாமத்திய வீட்டு மேடையில் வைக்கிற பிளாஸ்டிக் செடி மாதிரி இருந்தது. காசு பாதிதான் வந்தது.

அதில் மிஞ்சிய ஒரு தாளைப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைச் சுவரில் ஒட்டினேன். கடைக்கார அன்ரி அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்தநாள் பிளேன்ரீயை வைத்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, உது வந்து பாத்தவையின்ர தாங்கி. எங்கட தாங்கி நிண்டதெல்லோ."

சரி, நின்ற தாங்கியை வரைவோம் என்று உட்கார்ந்தால் கை ஓடவில்லை. எனக்கு அது ஞாபகமே இல்லை. 2002 இல் போர்நிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்த பிறகு நாலைந்து வருடம் தினமும் அதைக் கடந்து சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவன் நான். உயரமாக ஒன்று, மேலே உருண்டையாக ஒன்று. அவ்வளவுதான் மண்டையில் இருக்கிறது. இணையத்தில் தேடினால் விழுந்த தாங்கி எல்லாக் கோணத்திலும் வருகிறது. நின்ற தாங்கியின் படம் ஒன்றுகூட எனக்கு அகப்படவில்லை. எங்கள் வீட்டு அல்பங்களும் அயலட்டையின் அல்பங்களும் எந்தெந்தப் பங்கருக்குள் போயினவோ. ஆகவே கடைக்கு வருகிறவர்களைக் கேட்கத் தொடங்கினேன். அஞ்சலிக்குப் படம் கொண்டு வந்தவர்களையும் கேட்டேன், சமயம் பார்த்து. ஒருவரும் கோபிக்கவில்லை. செத்தவரின் படத்தை எந்தப் பக்கம் வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தவர்கள், தாங்கி என்றதும் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்கள்.

வடிவத்தில் எல்லோரும் ஓரளவு ஒத்துப்போனார்கள். ஏணியில்தான் சண்டை வந்தது. கனகபுரத்து ஐயா ஒருவர் ஏணி மேற்காலே இருந்தது என்றார். வட்டக்கச்சியிலிருந்து வருகிற ஒரு ரீச்சர் கிழக்காலே என்று அடித்துச் சொன்னார், மேசையில் தட்டிச் சொன்னார். லொறி ஓடினவர் ஒருவருக்கு ஏணி ரோட்டுப் பக்கம். அவர் அதில் ஒருவன் ஏறிக் காற்றாடி எடுத்ததைக்கூடக் கண்டவர். தண்ணீர் விநியோகத்தில் வேலை செய்தவர் ஒருவர் கனடாவில் இருக்கிறார் என்று அறிந்து, இலக்கம் வாங்கி வட்சப்பில் கேட்டேன். இரண்டு நாள் கழித்துக் குரல் பதிவு வந்தது: "ஏணியோ? நான் மேல ஏறினதே இல்லையடா தம்பி. கீழ வால்வு திறக்கிறதுதான் என்ர வேலை."

இருபது பேரளவில் கேட்ட பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. ஒருவரும் பொய் சொல்லவில்லை. நகரத்துக்குள் தாங்கள் வருகிற பக்கத்தில் ஏணியை வைத்திருக்கிறார்கள். மேற்கேயிருந்து வருகிறவருக்கு மேற்கில், கிழக்கேயிருந்து வருகிறவருக்குக் கிழக்கில், ரோட்டிலேயே சீவித்தவருக்கு ரோட்டில். எந்தப் பக்கத்தில் போட்டாலும் மற்றவர்களைப் பொய்யராக்கிவிடுவேன். ஏணி இல்லாமலே வரைந்தேன். சைக்கிளில் போகிற பையன் அண்ணாந்து பார்க்கிற கோணம், கீழே அகலம், மேலே ஒடுக்கம், மிச்சம் எல்லாம் வெறும் வானம்.

அதோடு தொடங்கியது, ஆறு போஸ்டர் வரை போனது. மூன்று நிறத்துக்கு மேல் போவதில்லை என்று எனக்கு நானே ஒரு சட்டம் வைத்தேன். பழைய பயணச் சுவரொட்டிகளில் நிறம் குறைவாக இருக்கிறதே, அதற்கு ரசனை மட்டும் காரணம் இல்லை. கல்லச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக ஒரு கல் தயார்ப்படுத்தவேண்டும். ஐந்து நிறம் என்றால் தாள் ஐந்து தடவை அழுத்துப்படும். செலவுக்குப் பயந்துதான் மலையை ஒரே நீலத்திலும் நிழலை ஒரே ஊதாவிலும் பிடித்தார்கள். எங்கள் கடை மெசினுக்கு அந்தக் கஞ்சத்தனம் தேவையில்லை, எத்தனை நிறத்தையும் ஒரே ஓட்டத்தில் துப்பிவிடும். அதுதான் எனக்குப் பயம். பனர் அடித்து அடித்து, வெறும் இடத்தைக் கண்டால் ரோசாப்பூ வைக்கிற கை என்னுடையது.

கறுப்பு கரியிலிருந்து. செம்மண் நிறத்துக்கு எங்கள் வளவு மண்ணையே கொண்டுவந்து ஸ்கானரில் கொட்டி முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நீலம் எங்கேயிருந்து என்று எல்லோரும் கேட்கிறார்கள். கடலும் இல்லை, வானமும் இல்லை. 2009 இல் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில், எங்கள் தலைக்கு மேல் வெள்ளைத் தறப்பாளில் யூ.என்.எச்.சி.ஆர். என்று, ஐ.நா. அகதிகள் அமைப்பின் பெயரை அடித்திருந்த நீலம். உள்ளே மல்லாந்து கிடந்தால் எழுத்து இடம்வலம் மாறித் தெரியும். தடித்த, வால் இல்லாத எழுத்துகள். வேறு வேலை இல்லை, மாதக்கணக்கில் அதைத்தான் பார்த்துக்கொண்டு கிடந்தேன். இரண்டு எழுத்துக்கு நடுவில் எவ்வளவு வெளி விட்டால் கண் இடறாது என்பதை எனக்கு முதலில் படிப்பித்தது அந்தத் தறப்பாள். பிறகு கொழும்பில் ஆறு மாத டிப்ளோமாவில் இதையே காசு கட்டிப் படித்தேன்.

இரண்டாவது போஸ்டர் வீடு. 2008 கடைசியில் சனம் வீட்டை விட்டுப் போகவில்லை, வீட்டைக் கழற்றிக்கொண்டு போனது. கூரைத் தகரம், ஓடு, நிலை, யன்னல், கிணற்றுக் கப்பி என்று எல்லாம் உழவு மெசினில் ஏறின. போகிற இடத்தில் கொட்டில் போட்டு, திரும்பவும் கழற்றி, அடுத்த இடத்துக்கு. ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் குறையும். எங்கள் மாமி வீட்டு முதிரை நிலை விசுவமடு வரை வந்தது. போஸ்டரைக் குறுக்காக ஐந்தாகப் பிரித்து, பக்கத்தில் ஊர்ப் பெயர்களைச் சின்னதாகப் போட்டேன்: கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன். மேல் கட்டத்தில் முழு வீடு. கீழே வர வர ஓடு போகும், யன்னல் போகும், தகரம் போகும். கடைசிக் கட்டத்தில் மண் நிறத்தைத் தவிர ஒன்றும் இல்லை. அச்சுப் பிழையோ என்று ஒருவர் கேட்டார்.

ஆனையிறவுதான் எனக்கு ஆசையாக வந்தது. வன்னிக் காட்டில் பிடித்த ஆனைகளை ஒல்லாந்தர் காலத்தில் அந்த ஆழமில்லாத நீரேரியைக் கடத்தித்தான் யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனார்கள். பிறகு உப்பளம், பிறகு இராணுவ முகாம், 1991 சண்டை, 2000 சண்டை. இப்போது பெரிய நினைவுத்தூபி. எதை வரைந்தாலும் ஒரு பக்கத்துப் போஸ்டராகிவிடும். அப்போதுதான் எழுத்தைக் கவனித்தேன். பழைய எழுத்துமுறையில் "னை" என்பதற்கு முன்னால் தனியாகக் கொம்பு வராது. ஐகாரம் எழுத்தின் தலையிலேயே சுருண்டு ஒட்டியிருக்கும். பார்த்தால் சாட்சாத் துதிக்கை. தமிழ்நாட்டில் 1978 இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது அது போய்விட்டது, எங்கள் பாடப் புத்தகங்களிலும் பிறகு போய்விட்டது. அப்பப்பாவின் கடிதங்களில் இருந்தது.

கடையில் நாங்கள் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் வேலை செய்கிறோம். வாடிக்கையாளர் போனில் அனுப்புகிற யூனிகோட்டைப் பழைய மென்பொருளில் ஒட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் சிதறும். அதனால் மாற்றி எடுத்துத்தான் அடிப்போம். அந்தப் பாமினியில் துதிக்கை இல்லை. கையால் வரைந்தேன். தாளின் கீழ்க் கரையில் உப்பு வெளி, அதற்கு மேல் "ஆனையிறவு" என்று ஒரே ஒரு சொல், அதில் ஒரு எழுத்து மட்டும் துதிக்கையைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்குகிறது. பெரியவர்கள் சிரித்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் "அண்ணா, எழுத்துப் பிழை" என்றார்கள்.

பரந்தன் இரசாயனத் தொழிற்சாலைக்கு ஒன்று செய்தேன், சுமாராகத்தான் வந்தது. ஆனையிறவு உப்பைக் கரைத்து மின்சாரம் பாய்ச்சிக் கோஸ்டிக் சோடாவும் குளோரினும் எடுத்த இடம். எண்பதுகளில் சண்டையோடு நின்றுபோனது. குழாய்த் தண்ணீருக்குப் போடுகிற குளோரின். உப்பு, குளோரின், தண்ணீர் என்று மூன்றையும் ஒரு கோட்டில் கொண்டுவந்து தாங்கிப் போஸ்டருக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்று பார்த்தேன். யோசனை நல்லது, படம் விஞ்ஞானப் புத்தகம் மாதிரி இருந்தது. இந்திய வீட்டுத்திட்டத்துக்குச் செய்தது அதைவிடப் பரவாயில்லை. வீட்டுக்கு ஐந்தரை லட்சம் ரூபா, 550 சதுர அடி அளவு, ஏறக்குறைய ஒரே வரைபடம். அந்த வரைபடத்தைத் தாள் முழுக்கத் திரும்பத் திரும்ப அடித்தேன், ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் சனம் தாங்களாகப் போட்ட கிடுகு அடுப்படியையும் சேர்த்து. உள்ளே குசினி இருக்கிறது. புகை பிடிக்கும், சுவர் கறுத்துப்போகும் என்று ஒருவரும் அதற்குள் விறகு வைப்பதில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். குசினிக்குள் நெல் மூட்டை.

ஒன்றைச் செய்து முடித்தும் வெளியில் விடவில்லை. 2009 தொடக்கத்தில் கடற்கரைப் பக்கம் போனபோது பங்கர் வெட்டினால் மணல் சரியும். சேலைகளைக் கிழித்துப் பைகளாகத் தைத்து, மண் நிரப்பிச் சுற்றிவர அடுக்கினார்கள். நைலெக்ஸ், பட்டு, கூறை, எல்லாம். என் வாழ்க்கையில் அவ்வளவு நிறமான சுவரை நான் பார்த்தது இல்லை. அதற்கு மூன்று நிறம் காணாது. சட்டத்தை உடைத்துப் பதினொரு நிறத்தில், கரைகளும் பூக்களுமாக, தாள் முழுக்க மூட்டைகளை அடுக்கினேன். தொழில் என்று பார்த்தால் ஆறிலும் அதுதான் திறம். வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன். கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"எங்கட இந்தக் கரை இல்லை. பச்சை."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இதை ரோட்டில ஒட்டாத" என்றார். கேட்டுக்கொண்டேன். அலுமாரிக்கு மேல் சுருட்டி வைத்திருக்கிறது.

நகரத்தின் கட்டடங்கள் என்று இவ்வளவும் கதைத்துவிட்டு, நடுவில் நிற்கிற போர் நினைவுச்சின்னத்தைச் சொல்லாமல் விட்டால் கள்ளம். பெரிய கொங்கிறீற் சதுரம், அதைத் துளைத்த எறிகணை, வெடிப்பு, உச்சியில் தாமரை. டிசைனராகக் கேட்டால் ஒத்துக்கொள்வேன், இந்த மாவட்டத்தில் அதைவிடத் தெளிவான போஸ்டர் கிடையாது. தூரத்தில் பஸ்ஸில் வருகிறவனுக்கும் ஒரு நொடியில் விளங்கும். எனக்கு எரிச்சலும் அதனால்தான். சதுரத்துக்குள் யார் இருந்தார்கள் என்று கேட்க அதில் ஒரு கீறல்கூட இடம் இல்லை. ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட, கற்சிலைமடுவில் நின்ற கல்லும் இப்படித்தான். 1803 ஒக்டோபர் 31 இல் இந்த இடத்தில் வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனை வெள்ளைக்காரரின் கப்டன் வொன் டிறிபேர்க் தோற்கடித்தான் என்று வெள்ளைக்காரர் காலத்தில் நட்டது. வென்றவனைப் பாட நட்ட கல். சனம் அங்கே போய் மாலை போட்டது தோற்றவனுக்கு. இந்தக் கதையைச் சொன்னபோது கடையில் வேலை செய்கிற சின்னவன், "அப்ப இருநூறு வருசம் பொறுக்கவேணுமோ அண்ணை?" என்று கேட்டான். அவனுக்கு இருபது வயதும் ஆகவில்லை. தாமரைச் சதுரத்தை நான் வரையவில்லை.

கண்காட்சி வைக்க மண்டபம் தருவதாகச் சொன்னவர்கள் கடைசியில் தரவில்லை. யோசித்துப் பார்த்தால் போஸ்டருக்கு மண்டபம் எதற்கு? கோதுமை மாவில் பசை காய்ச்சி, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிய, அஞ்சலி நோட்டீஸ் ஒட்டுகிற மதில் ஒன்றில் ஐந்தையும் ஒட்டினோம், நானும் சின்னவனும். மழைக்காலம் தொடங்குகிற நேரம். குளம் எத்தனை அடி என்று சனம் கேட்கத் தொடங்கியிருந்தது. முதல் நாள் ஒருவரும் நின்று பார்க்கவில்லை. பஸ்ஸுக்கு நின்றவர்கள் முதுகைச் சாத்திக்கொண்டு நின்றார்கள்.

நாலாம் நாள் போனபோது தாங்கியின் இடப்பக்கத்தில் யாரோ நீலப் பேனையால் ஏணி கீறியிருந்தார்கள். அவசரமாக, படிகள் கோணல்மாணலாக. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஒரு கிழமைக்குள் வலப்பக்கத்தில் இன்னொன்று, இது அடிமட்டம் வைத்துக் கீறியது, படிகள் எண்ணி ஒரே அளவு. அதற்குப் பிறகு நடுவில் ஒன்று, கரித்துண்டால், மேலே ஒரு தடிப் பொம்மை மனிதனோடு. லொறிக்காரரைப் பிறகு கண்டபோது கேட்டேன். இல்லை என்றார், சிரித்துக்கொண்டு.

பதினைந்து நாள் இருக்கும். பாதித் தாங்கியை மறைத்துக்கொண்டு ஒரு கண்ணீர் அஞ்சலி. எங்கள் கடையில் அடித்ததுதான், நான்தான் படம் வைத்தது. ஒட்டியவர் நேராக ஒட்டவில்லை, வலது பக்கம் சரிந்திருந்தது. அடிமட்ட ஏணி முழுதாகப் போய்விட்டது. கரித்துண்டு மனிதனின் தலை மட்டும் நோட்டீசுக்கு மேலால் எட்டிப் பார்த்தது. இடப்பக்கத்துக் கோணல் ஏணி செத்தவரின் தோளுக்குப் பக்கத்தில் அப்படியே இருந்தது.

தேத்தண்ணிக் கடையில் வந்து சொன்னேன். அன்ரி கேத்திலை இறக்கி வைத்தார்.

"பின்னேரம் போய்ப் பாக்கிறன். எந்தப் பக்கம் மிச்சம் கிடக்கு எண்டனி?"